நெல் மில் பதிவேடு: எத்தனை இன்டெக்ஸ் போதும்?

டேட்டாபேஸில் பதிவுகளைச் சட்டென்று தேடிப் பிடிக்க, புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு மாதிரி தனியாக வைக்கும் பட்டியல்தான் இன்டெக்ஸ். எத்தனை போடலாம் என்பதை சம்மாந்துறைப் பக்கத்து நெல் மில் ஒன்றின் கொள்வனவு அட்டவணையை வைத்தே பார்ப்போம். விவசாயி இலக்கம், திகதி, நெல்லினம், நிறை, காசு கொடுத்தாச்சா இல்லையா. இவ்வளவுதான் புலங்கள். பெரும்போக வெட்டு தொடங்கினால் தராசடியிலிருந்து பதிவுகள் குவியும். அதே நேரம் "என்ட கணக்க ஒருக்காப் பாருங்க தம்பி" என்று கவுண்டரில் ஆட்கள் நிற்பார்கள்.

பிரைமரி கீ (ஒவ்வொரு பதிவையும் தனித்துக் காட்டும் புலம்) தவிர வேறு இன்டெக்ஸே வேண்டாம் என்பது ஒரு கட்சி. இன்சர்ட், அதாவது புதுப் பதிவு போடுவது, வேகமாகத்தான் இருக்கும். சில ஆயிரம் பதிவுகள் வரை தேடலிலும் வித்தியாசம் தெரியாது. லட்சங்களைத் தாண்டினால், ஒருவரின் கணக்குக்காக முழு அட்டவணையையும் வாசிக்க வேண்டிவரும். இன்டெக்ஸ் எழுதுவதை மந்தமாக்கும் என்ற பேச்சும் அரைவாசி உண்மைதான். அப்டேட்டும் (இருக்கிற பதிவை மாற்றுவதும்) முதலில் பதிவைத் தேடிப் பிடிக்க வேண்டுமே! மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியில், பரிவர்த்தனைகள் ஒன்றோடொன்று மோதாமல் பிரித்துவைக்கும் இயல்பான 'ரிப்பீட்டபிள் ரீட்' நிலையில், விவசாயி இலக்கத்துக்கு இன்டெக்ஸ் இல்லாமல் அதை வைத்து அப்டேட் செய்தால், வாசித்த பதிவுகள் எல்லாமே பூட்டப்படும், அவற்றுக்கு நடுவே புதுப் பதிவு நுழையக்கூடிய இடைவெளிகளோடு சேர்த்து. அந்தப் பரிவர்த்தனை முடியும்வரை தராசடியில் புதுப் பதிவு போட முடியாது.

எல்லாப் புலத்துக்கும் தனித்தனி இன்டெக்ஸ் என்பது மறு கட்சி. எனக்கு இதுதான் மோசமானது. ஒவ்வொரு மூட்டைக் கணக்குக்கும் அத்தனை பி-ட்ரீயிலும் (இன்டெக்ஸைச் சேமிக்கும் மர அமைப்பு) எழுத வேண்டும். நெல்லினம் நாலைந்துதான் என்பதால் அந்த இன்டெக்ஸை, எந்த வழியில் தேடுவது என்று முடிவெடுக்கும் ஒப்டிமைசர் பெரும்பாலும் தொடவே தொடாது.

என் தெரிவு: விவசாயி, திகதி என்ற வரிசையில் இரண்டு புலங்களையும் சேர்த்து ஒரே கூட்டு இன்டெக்ஸ். விவசாயியை மட்டும் கேட்டாலும் உதவும். ஒருவரின் கணக்கு திகதி வரிசையிலேயே வரும். திகதியை மட்டும் கேட்டால் பெரும்பாலும் உதவாது. பெயர் வரிசைத் தொலைபேசிப் புத்தகத்தில் இலக்கத்தை வைத்து ஆளைத் தேடுவது மாதிரி. நாள் மொத்தம் அடிக்கடி தேவையென்றால் திகதிக்குத் தனியாக இன்னொன்று போடலாம். புதுப் பதிவுகள் அதன் கடைசியிலேயே சேர்வதால் செலவு குறைவு.

காசு நிலைதான் சிக்கல். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில் இன்டெக்ஸ் உள்ள புலம் மாறினால், இன்டெக்ஸ்களைத் தொடாமலே பதிவை மாற்றும் 'ஹொட்' என்ற குறுக்குவழி கைவிட்டுப்போய் மற்ற இன்டெக்ஸ்களிலும் புது உள்ளீடு விழும். கொடுக்காதவற்றுக்கு மட்டும் பகுதி இன்டெக்ஸ் போட்டால் அளவு சிறுக்கும், ஆனால் இந்தச் செலவு போகாது. மைஎஸ்கியூஎல்லில் பகுதி இன்டெக்ஸே கிடையாது. அங்கே கூட்டு இன்டெக்ஸ் எடுத்துத் தரும் அந்த ஒருவரின் பதிவுகளுக்குள்ளேயே நிலுவையை வடிகட்டிக்கொள்வேன்.