கோவாகுசெக் எக்ஸ்எஸ்: உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு உதவுமா?

இதயத்தில் உலோக வால்வு பொருத்திக்கொண்டு, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் வீட்டிலேயே ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் அளவு) பார்க்க உதவும் கருவி இது. 8 மைக்ரோலிட்டர் ரத்தம் போதும். ஒரு நிமிடத்தில் முடிவு தெரியும்.

தவறுகள் பெரும்பாலும் விரல் நுனியில்தான் நடக்கின்றன. கையை வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கீழே தொங்கவிடுங்கள். விரலின் பக்கவாட்டில் குத்தி, 15 விநாடிக்குள் முதல் துளியைக் கருவியில் செருகிய சோதனைப் பட்டையில் வையுங்கள். விரலை அழுத்திப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு மாறிவிடும். துளி போதவில்லையென்றால் அதன்மேல் இன்னொன்றைச் சேர்க்கவே கூடாது. புதிய பட்டை, வேறு விரல்.

பட்டைகளை 2 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்குள் வைக்க வேண்டும். ஒன்றை எடுத்ததும் குப்பியை உடனே மூடுங்கள், ஈரம் பட்டால் வீண். பட்டைச் செலவு தொடர்ந்து வரும், அதுதான் இதன் பெரிய குறை.

மைட்ரல் இடத்தில் (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே) உலோக வால்வு இருந்தால் ஐ.என்.ஆர். இலக்கு பொதுவாக 2.5 முதல் 3.5. அளவு 4-ஐத் தாண்டினால் ஆய்வகத்தில் கையின் சிரையிலிருந்து (ரத்தக் குழாயிலிருந்து) ரத்தம் கொடுத்துச் சரிபாருங்கள். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள் (ரத்தம் உறைவதைப் பாதிக்கும் ஒருவகை எதிர்ப்பொருள்) உள்ளவர்களுக்கு அளவு பொய்யாகக் கூடிக் காட்டலாம். அவர்களுக்கு இக்கருவியைப் பரிந்துரைக்க மாட்டோம்.