கொடுத்த பரிசுகள் இப்போது எப்படி இருக்கின்றன: தையலும் குரோஷேயும்

வீட்டிலேயே தைத்தும் பின்னியும் பரிசு கொடுக்க ஆரம்பித்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இப்படிப்பட்ட அனுபவப் பகிர்வுகளில் மெஷின் எப்படி ஓடுகிறது, நூல் எப்படி இருக்கிறது என்றுதான் வழக்கமாக எழுதுவார்கள். அதுவும் வரும். ஆனால் நான் முதலில் பார்ப்பது, கொடுத்த பொருள் போன இடத்தில் என்ன ஆனது என்பதைத்தான். சொந்தக்காரர், நண்பர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கண் தானாகவே கதவுக்குப் பின்னால் உள்ள ஆணிக்கும் அலமாரியின் மேல்தட்டுக்கும் போய்விடும். ஆணியில் தொங்கினால் பயன்படுத்துகிறார்கள். மேல்தட்டில் இருந்தால் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். "நீ கொடுத்ததை இன்னும் கலைக்கவே இல்லை, அப்படியே வைத்திருக்கிறேன்" என்று பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு ஆணியில் தொங்குவதுதான் பிடிக்கும்.

அந்தக் கணக்கில் முதலிடம் துணிப்பைக்கு. அடுத்து ஜிப் வைத்த சின்னப் பை, பருத்தி நூலில் பின்னிய துடைக்கும் துணி, குழந்தைத் தொப்பி. கடைசி இடத்தில் இருப்பவை நான் அதிக நேரம் செலவழித்தவை: லேஸ் வேலைப்பாட்டோடு பின்னிய மேஜை விரிப்பு, பூப்பூவாகக் கோத்த பெரிய போர்வை. செய்ய ஆன நேரத்துக்கும் பயன்படும் காலத்துக்கும் சம்பந்தமே இல்லை. தீர்மானிப்பது சலவைதான். வாஷிங் மெஷினில் மற்ற துணிகளோடு போட்டு எடுக்கலாம் என்றால் அந்தப் பொருள் புழக்கத்தில் இருக்கும். கையால் அலசி, பிழியாமல், நிழலில் விரித்துக் காயவைக்க வேண்டும் என்றால் மரியாதையாக மடித்து உள்ளே வைத்துவிடுவார்கள்.

அதனால் இப்போதெல்லாம் சலவையை மனதில் வைத்துத்தான் வேலையையே தொடங்குகிறேன். பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன்பே ஒருமுறை துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுவிடுவேன். சாதாரணப் பருத்தி முதல் சலவையில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும். வெளித்துணி சுருங்கி லைனிங் சுருங்காவிட்டால் பை முழுக்கச் சுருக்கம் விழும். அப்புறம் எத்தனை இஸ்திரி போட்டாலும் போகாது. கருஞ்சிவப்பு, கருநீலத் துணியென்றால் ஒரு வெள்ளைத் துணியை நனைத்து மேலே தேய்த்துப் பார்ப்பேன். சாயம் ஒட்டினால் அதை வெளிர்நிறத்தோடு சேர்த்துத் தைப்பதில்லை.

மெஷினைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நேர்த்தையல், ஜிக்ஜாக், ரிவர்ஸ் இந்த மூன்றும் ஒழுங்காக வந்தால் பரிசு வேலைக்குப் போதும். அலங்காரத் தையல் வகைகள் என்று டயலில் எத்தனை இருந்தாலும் நான் தொடுவதே இல்லை. 1846-இல் அமெரிக்கரான எலியாஸ் ஹோவ் காப்புரிமை வாங்கிய தையல் மெஷின் அமைப்பில் நுனிப்பக்கம் கண் வைத்த ஊசி ஒரு நூலைக் கொண்டுவரும், இன்னொரு நூல் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து அதைப் பூட்டும். இன்றைய வீட்டு மெஷின்களும் அதே கொள்கையில்தான் ஓடுகின்றன. துணிக்கு அடியில் நூல் கொசகொசவென்று வளையம் வளையமாக விழுந்தால் எல்லோரும் அடிநூல் சுற்றிய பாபினைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் கோளாறு மேல்நூலில்தான் இருக்கும். துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கிவைத்துவிட்டு மேல்நூலை முழுக்க எடுத்து மறுபடி கோக்க வேண்டும். ஃபுட் கீழே இருக்கும்போது கோத்தால் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியே இருக்கும், நூல் உள்ளே உட்காராது. ஊசியும் அப்படித்தான், உடையும் வரை ஓட்டாமல், ஏறக்குறைய எட்டு மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். சாதாரணப் பருத்திக்கு 90/14 எண் ஊசி, கேன்வாஸ், டெனிமுக்கு 100/16, பனியன் துணிக்கு நுனி உருண்ட பால்பாயின்ட் ஊசி.

துணிப்பையில் எப்போதும் முதலில் விட்டுப்போவது கைப்பிடி சேரும் இடம்தான். பையின் வாய் ஓரத்துக்குள் கைப்பிடி நுனியைச் செருகி ஒரே ஒரு கோடு அடித்து முடித்தால் மொத்தப் பாரமும் அந்தக் கோட்டில்தான் விழும். நான் கைப்பிடி நுனியை வாயிலிருந்து நான்கு சென்டிமீட்டர் கீழே இறக்கி, உள்பக்கமாக மடித்து, முதலில் ஒரு சதுரம் அடிப்பேன். பிறகு சதுரத்துக்குள் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு கோடுகள். ஊசியைத் துணிக்குள் இறக்கிவைத்துக்கொண்டு ஃபுட்டைத் தூக்கித் திரும்பினால், நூலை வெட்டாமல் ஒரே ஓட்டத்தில் முடியும். பாலியஸ்டர் நூல், தையல் நீளம் மூன்று மில்லிமீட்டர். அந்த இடத்தில் நான்கைந்து மடிப்புத் துணி சேருவதால் பெடலை அழுத்தாமல் கைச்சக்கரத்தை நம் பக்கமாகத் திருப்பித் திருப்பித்தான் ஊசியை இறக்க வேண்டும். ஃபுட் மேடேறி முன்பக்கம் தூக்கிக்கொண்டு நகராமல் நின்றால், அதே தடிமனுக்கு ஒரு துண்டுத் துணியை மடித்து ஃபுட்டின் பின்பாதிக்கு அடியில் கொடுங்கள். ஃபுட் மட்டமாகிவிடும், தையல் நகரும். இதெல்லாம் ஒரு கைப்பிடிக்குச் சில நிமிட வேலைதான். இப்படி அடித்த பைகளில் துணி நைந்து போனதைப் பார்த்திருக்கிறேன், கைப்பிடி பிய்ந்து பார்த்ததில்லை.

அளவு 35க்கு 40 சென்டிமீட்டர். கைப்பிடி 60 முதல் 65 என்றால் தோளில் மாட்டலாம். அடிமூலை இரண்டையும் பக்கத்தையல், அடித்தையல் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி முக்கோணமாக்கி, குறுக்கே எட்டு சென்டிமீட்டருக்கு அடித்தால் பை தானாக நிற்கும். லைனிங் போட நேரமில்லையா? ஃபிரெஞ்ச் சீம் போதும். முதலில் நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி வைத்து அரை சென்டிமீட்டரில் ஒரு தையல், ஓரத்தை ஒட்ட வெட்டி, திருப்பி, மறுபடி ஒரு தையல். பிசிறெல்லாம் உள்ளே மூடிக்கொள்ளும், ஓவர்லாக் மெஷின் தேவைப்படாது.

ஜிப் பையைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். நைலான் ஜிப்பை தேவைக்கு மேல் நீளமாக வாங்கி, ரன்னரைப் பையின் உள்ளே நகர்த்திவிட்டு, இரு முனையிலும் பல்லின் மேலேயே தைத்து, மிச்சத்தைச் சாதாரணக் கத்தரிக்கோலால் வெட்டிவிடலாம். உலோக ஜிப்பில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம், ஊசி உடையும்.

இனி குரோஷே. தையலுக்கு மேஜை, வெளிச்சம், பிளக் பாயின்ட் எல்லாம் வேண்டும். குரோஷேக்கு ஒரு கொக்கியும் ஒரு நூல்கண்டும் போதும். பயணத்தில், காத்திருக்கும் அறையில், போனில் பேசிக்கொண்டே பின்னலாம். எந்த நேரமும் ஒரே ஒரு வளையம்தான் கொக்கியில் உயிரோடு இருக்கும் என்பதால், அதில் ஒரு பின்னூசியைக் குத்திவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போகலாம். அவிழாது. ஆனால் வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது. ஒரே மாலையில் மூன்று பை தைக்க முடிகிற எனக்கு ஒரு பொம்மையின் தலையும் உடம்பும் முடிக்கவே சில நாள் ஆகிறது.

நூல் விஷயத்தில் என் தீர்ப்பு ஏறக்குறைய முடிவாகிவிட்டது. தண்ணீர், சூடு படுகிற எதற்கும் பருத்தி மட்டும்தான். அக்ரிலிக் சூட்டில் உருகும். அதில் அடுப்படிக்குப் பிடிதுணி பின்னிக் கொடுப்பது ஆபத்து. பருத்தியிலும் ஒற்றை அடுக்காக இருந்தால் ஓட்டைகள் வழியே சூடு கைக்கு வரும், இரண்டடுக்காகத்தான் பின்ன வேண்டும். போர்வை, தொப்பி, பொம்மைக்கு அக்ரிலிக் நல்லது. மெஷின் சலவை தாங்கும், எடை குறைவு. இஸ்திரிப் பெட்டியை மட்டும் அதன்மேல் வைக்கக் கூடாது. சாதாரணக் கம்பளி நூல் வெந்நீரும் உரசலும் பட்டால் சுருங்கித் திண்டுபோல் ஆகிவிடும். லேபிளில் சூப்பர்வாஷ் (மெஷின் சலவை தாங்கும்படி பதப்படுத்தியது) என்று போட்டிருந்தால் தவிர, பரிசுக்கு நான் கம்பளி எடுப்பதில்லை. அதே லேபிளில் சாய எண் இருக்கும். பெரிய வேலைக்கு எல்லாக் கண்டும் ஒரே சாய எண்ணில் வாங்கிவிடுங்கள். கடை வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிவது போர்வையின் நடுவே பட்டையாகக் காட்டிக்கொடுக்கும்.

பொம்மைகளைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் நூலாலேயே போடும் வளையத்தில், அதாவது மேஜிக் ரிங்கில், ஆறு கண் (பின்னலின் ஒவ்வொரு தையலையும் கண் என்பேன்), அடுத்த சுற்றில் பன்னிரண்டு, பிறகு பதினெட்டு, இருபத்துநான்கு. சுற்றுக்கு ஆறு கூட்டினால் வட்டம் தட்டையாக விரியும். கூட்டுவதை நிறுத்திய இடத்தில் சுவர் எழும்ப ஆரம்பிக்கும். பந்தும் தலையும் காலும் இந்தக் கணக்கில்தான் வருகின்றன. நூல் லேபிள் 4 மில்லிமீட்டர் கொக்கி என்று சொன்னால் பொம்மைக்கு நான் 2.5 அல்லது 3 எடுப்பேன். துணி விறைப்பாக வர வேண்டும், இல்லாவிட்டால் உள்ளிருக்கும் பஞ்சு வெள்ளையாக எட்டிப் பார்க்கும். கண் குறைக்கும் இடத்தில் முன்வளையங்களில் மட்டும் கொக்கியை விட்டு இரண்டையும் சேர்த்து இழுத்தால் குழி தெரியாது. கழுத்தில்தான் எல்லோரும் பஞ்சை மிச்சம் பிடிக்கிறார்கள். அங்கே கெட்டியாக அடைக்காவிட்டால் சில வாரங்களில் தலை தொங்கிவிடும். பேட்டர்ன் (பின்னுவதற்கான குறிப்பு) அமெரிக்க முறையா பிரிட்டிஷ் முறையா என்றும் பாருங்கள். அமெரிக்க சிங்கிள் குரோஷேயைத்தான் பிரிட்டிஷ் பேட்டர்ன் டபிள் குரோஷே என்று எழுதும். மாற்றிப் பின்னினால் பொம்மை நீண்டு, ஓட்டையாக நிற்கும்.

மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு என்றால் பிளாஸ்டிக் கண், பட்டன், மணி எதுவும் வைப்பதில்லை. கறுப்பு நூலால் எம்பிராய்டரி போட்டுவிடுவேன். 'சேஃப்டி ஐ' என்று விற்கும் பிளாஸ்டிக் கண்ணும் பின்னலை இழுத்தால் கழன்று வரலாம். போர்வையும் அப்படியே: ஒரு வயதுக்குள் தூங்கும் குழந்தையின் பக்கத்தில் தளர்வான போர்வை கூடாது என்பதால், பெற்றோரிடம் அது தரையில் விரித்து விளையாட என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். விரல் மாட்டும் அளவுக்கு ஓட்டை உள்ள டிசைனும் வேண்டாம்.

குழந்தைத் தொப்பி பிறந்த உடனே போடும் அளவில் பின்னினால் சில வாரத்தில் பத்தாது. மூன்று முதல் ஆறு மாத அளவுக்குப் பின்னுகிறேன். அப்போது தலைச்சுற்றளவு ஏறக்குறைய 40 முதல் 43 சென்டிமீட்டர். தொப்பி அதைவிட இரண்டு மூன்று குறைவாக இருந்தால்தான் பிடித்து நிற்கும். 38 சென்டிமீட்டர் சுற்றுக்கு உச்சி வட்டம் 12 சென்டிமீட்டர் குறுக்களவு வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிடலாம்.

குரோஷேயின் பெரிய பலவீனம், தொங்கவிட்டால் நீளும். பருத்தி நூலில் பின்னிய பையில் இரண்டு புத்தகம் போட்டால் முழங்காலுக்கு வந்துவிடும். இங்கேதான் தையல் கைகொடுக்கிறது. உள்ளே துணி லைனிங் தைத்து, கைப்பிடியைத் துணியிலேயே செய்து லைனிங்கோடு பூட்டினால் பாரம் துணிக்குப் போகும், குரோஷே வெறும் அழகுக்கு நிற்கும். மறுபக்கமாகவும் செய்யலாம்: பருத்திக் கைக்குட்டையின் ஓரத்தை மடித்துத் தைத்து, மெல்லிய நூலில் ஒரு சுற்று குரோஷே விளிம்பு. பார்ப்பதற்கு லேஸ், சலவைக்குக் கைக்குட்டை. குறைந்த உழைப்பில் நிறைந்த பரிசு எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

நூல் நுனிகளை முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டுகிறவர்கள் உண்டு. சலவையில் முதலில் அவிழ்வது அதுதான். பதினைந்து சென்டிமீட்டராவது வால் விட்டு, தடித்த ஊசியில் கோத்து, ஒரு பக்கம் போய், திரும்பி, மறுபடி போய் வெட்டினால் நிற்கும்.

ஒரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். "எனக்கும் ஒன்று, சும்மா நேரம் கிடைக்கும்போது" என்று கேட்பவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். சும்மா நேரம் என்று ஒன்று இருப்பதாக அவர்களுக்கு எப்படித் தோன்றுகிறதோ தெரியவில்லை. துணிப்பை கேட்டால் சரி என்பேன். போர்வை கேட்டால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். மணிக்கட்டும் கட்டைவிரல் அடியும் வலிக்கத் தொடங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான். தடித்த ரப்பர் பிடி உள்ள கொக்கிக்கு மாறியதில் வலி பாதியாகக் குறைந்தது, ஆனாலும் அரை மணிக்கு ஒருமுறை கையை விரித்து நீட்டாமல் பின்னுவதில்லை.

இப்போது ஒவ்வொரு பரிசோடும் ஒரு சின்ன அட்டை வைக்கிறேன். எந்த நூல், எந்தத் துணி, மெஷினில் போடலாமா, இஸ்திரி படலாமா என்று நாலு வரி. அதிலேயே மிச்ச நூலை ஒன்றிரண்டு மீட்டர் சுற்றி, மாற்றுப் பட்டன் இருந்தால் அதையும் கோத்துவிடுவேன். எங்காவது ஒரு கண் அறுந்தால் அவர்களே தைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் என்னிடம் வரும்போது அதே நிறத்தைத் தேடி நான் அலைய வேண்டியதில்லை.