பெட்டியில் "4கே" என்று பார்த்ததும் பணம் கட்டிவிடாதீர்கள்

தீபாவளிக்கு முந்தைய வாரம் சிங்கப்பூர் ஈசூனில் வசிக்கும் ஒரு குடும்பம் நகரத்துக் கடைத்தொகுதி ஒன்றில் ஹோம் தியேட்டர் வாங்கியது. பிளேயர், சவுண்ட்பார், எச்டிஎம்ஐ கேபிள், கூடுதல் உத்தரவாதம் எல்லாம் சேர்த்து ஆயிரம் வெள்ளிக்கு மேல். "அண்ணே, இது 4கே பிளேயர்ணே, எந்த டிஸ்க் போட்டாலும் ஓடும்" என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். வீட்டில் கறுப்பு உறையில் வந்த 4கே டிஸ்க்கைப் போட்டால், இந்த டிஸ்க்கை இயக்க முடியாது என்று திரையில் செய்தி வந்தது. கேட்கப் போனபோது "ஃபர்ம்வேர் அப்டேட் பண்ணுங்க, சரியாயிடும்" என்றார்கள். அதாவது, பிளேயருக்குள் இருக்கும் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டுமாம். அப்டேட் செய்தும் ஓடவில்லை. மறுபடி போனால், பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள், இனி திருப்பி எடுக்க முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள்.

அந்த அட்டைப்பெட்டியை நெருங்கிப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் "4கே". அதன் கீழே பொடி எழுத்தில் "அப்ஸ்கேலிங்". அதாவது, சாதாரண புளூ-ரே டிஸ்க்கில் இருக்கும் 1920 × 1080 படத்தை 3840 × 2160 ஆகப் பெரிதாக்கி டிவிக்கு அனுப்பும், அவ்வளவுதான். 4கே டிவி எதுவாக இருந்தாலும் அந்த வேலையைத் தானே செய்துவிடும். அதற்குத் தனியாகக் காசு கொடுப்பது வீண். 4கே டிஸ்க் ஓட வேண்டுமென்றால் பிளேயரின் முகப்பிலும் அட்டையிலும் "அல்ட்ரா எச்டி புளூ-ரே" என்ற முழுச் சின்னம் இருக்க வேண்டும். வெறும் புளூ-ரே சின்னமும் பக்கத்தில் "4கே" என்ற எழுத்தும் இருந்தால் வாங்காதீர்கள்.

அப்டேட் செய்தால் சரியாகும் என்பது பச்சைப் பொய். அல்ட்ரா எச்டி புளூ-ரே 2016இல் சந்தைக்கு வந்த தனி வகை. சாதாரண புளூ-ரேயில் ஓர் அடுக்குக்கு 25 ஜிபி, இரண்டு அடுக்கில் 50 ஜிபி. 4கே டிஸ்க் 50, 66, 100 ஜிபி என்று மூன்று அளவில் வருகிறது. 66, 100 ஜிபி டிஸ்க்குகளில் ஒவ்வோர் அடுக்கிலும் சுமார் 33 ஜிபி நெருக்கிப் பதிந்திருக்கும். சாதாரண பிளேயரின் டிரைவ் அதைப் படிப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. சரி, 50 ஜிபி டிஸ்க்காவது ஓடுமா என்றால் அதுவும் ஓடாது. படம் எச்இவிசி என்ற முறையில் சுருக்கப்பட்டு, ஏஏசிஎஸ் 2 என்ற நகல் தடுப்புப் பூட்டுப் போடப்பட்டிருக்கும். விரிக்கும் சிப்பும் திறக்கும் சாவியும் தொழிற்சாலையிலேயே பிளேயருக்குள் இருந்திருக்க வேண்டும்.

கடைக்குப் போகும் முன்பே மாடல் எண்ணை முடிவு செய்துகொள்ளுங்கள். சோனி யுபிபி-எக்ஸ்700, எக்ஸ்800எம்2, பானசோனிக் டிபி-யுபி420, டிபி-யுபி820 ஆகியவை 4கே டிஸ்க்கைப் படிப்பவை. எச்டிஆர் என்பது வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதலாகக் காட்டும் படம்; டால்பி விஷன், எச்டிஆர்10 பிளஸ் இரண்டும் அதைக் காட்சிக்குக் காட்சி சரிசெய்யும் வகைகள். இந்த மாடல்களில் யுபி420இல் டால்பி விஷன் கிடையாது. யுபி820இல் டால்பி விஷன், எச்டிஆர்10 பிளஸ் இரண்டும் உண்டு. எக்ஸ்700இல் டால்பி விஷனை மெனுவுக்குள் போய் நாமே போட வேண்டும், அது இல்லாத டிஸ்க்குக்கு மறுபடி அணைக்க வேண்டும். ஓப்போ 2018இலும் சாம்சங் 2019இலும் புதிய பிளேயர்களைக் கைவிட்டுவிட்டன. அந்தப் பெயர்களில் "புதுச் சரக்கு" என்று யாராவது நீட்டினால் பெட்டியில் உள்ள தயாரிப்புத் தேதியைக் கேளுங்கள். டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் 4கே டிஸ்க் ஓடும், டால்பி விஷன் மட்டும் வராது. பிளேஸ்டேஷன் 4 புரோவில் ஓடவே ஓடாது. பெயரில் புரோ, விளம்பரத்தில் 4கே என்பதால் பழைய பொருள் வாங்குவோர் இதில் எளிதில் ஏமாறலாம்.

உங்களிடம் உள்ள ஒரு 4கே டிஸ்க்கைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே போட்டுப் பாருங்கள். டிவி ரிமோட்டில் தகவல் பொத்தானை அழுத்தினால் 3840 × 2160, எச்டிஆர் என்று வர வேண்டும். ஆனால் அப்ஸ்கேலிங் பிளேயரும் 3840 என்றே காட்டும் என்பதை மறக்காதீர்கள். ஆகவே சாதாரண புளூ-ரே போட்டுக் காட்டினால் ஒப்புக்கொள்ள வேண்டாம், கறுப்பு உறை டிஸ்க்தான் ஓட வேண்டும். ரசீதில் "அல்ட்ரா எச்டி புளூ-ரே டிஸ்க் இயக்கும்" என்று எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கும் கடையில் பணத்தை எடுக்காதீர்கள்.

அந்த ஈசூன் குடும்பத்தின் ரசீதில் "8கே" கேபிள் ஒன்றுக்கு நூறு வெள்ளிக்கு மேல் போட்டிருந்தார்கள். 4கே டிஸ்க்குக்கு நொடிக்கு 18 ஜிகாபிட் தகவல் தாங்கும் கேபிள் போதும். "பிரீமியம் ஹை ஸ்பீட்" என்ற ஒட்டுச்சீட்டும் ஸ்கேன் செய்யும் குறியீடும் உள்ள இரண்டு மீட்டர் கேபிளை எடுங்கள். படம் வெளிறியோ எச்டிஆர் இல்லாமலோ வந்தால், கேபிளை மாற்றும் முன் டிவியில் அந்த எச்டிஎம்ஐ துளையின் அமைப்பைப் பாருங்கள்: சாம்சங்கில் "இன்புட் சிக்னல் பிளஸ்", எல்ஜியில் "டீப் கலர்", சோனியில் "என்ஹான்ஸ்டு ஃபார்மேட்".

சவுண்ட்பார் விஷயம் இன்னும் மோசம். டால்பி அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவதுபோல் கேட்கும் முறை) என்று சொல்லி விற்றுவிட்டு, பொருத்த வந்தவர் ஆப்டிகல் வயரில் இணைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆப்டிகல் வழியாக அட்மாஸ் வரவே வராது. டால்பி டிஜிட்டல் 5.1 வரைக்கும்தான். டிஸ்க்கில் அட்மாஸ் பெரும்பாலும் ட்ரூஎச்டி என்ற தரம் குறையாத ஒலியோடு இருக்கும், அது சாதாரண ஆர்க் (டிவியிலிருந்து சவுண்ட்பாருக்கு எச்டிஎம்ஐ வழியே ஒலி அனுப்பும் இணைப்பு) வழியாகவும் போகாது. டிவி, சவுண்ட்பார் இரண்டிலும் அதன் மேம்பட்ட வகையான இ-ஆர்க் வேண்டும், அல்லது பிளேயரை நேராகச் சவுண்ட்பாரின் எச்டிஎம்ஐ உள்ளீட்டில் செருக வேண்டும். பிறகு பிளேயர் மெனுவில் ஒலியை "பிட்ஸ்ட்ரீம்" ஆக்கி, "செகண்டரி ஆடியோ" அல்லது "பிடி ஆடியோ மிக்ஸ்" என்பதை அணையுங்கள். அது போட்டிருந்தால் எல்லாம் சரியாக இணைத்தும் அட்மாஸ் விளக்கு எரியாது.

பழைய ரிசீவர் (ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி) வாங்கினால் எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு முறை உண்டா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் படம் 1080க்கு இறங்கிவிடும். ரிசீவர் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் தூக்கிப்போட வேண்டாம்: எக்ஸ்700, யுபி820 போன்றவற்றில் இரண்டு எச்டிஎம்ஐ வெளியீடு உண்டு, படத்தை டிவிக்கும் ஒலியை ரிசீவருக்கும் பிரித்து அனுப்பலாம்.

டிஸ்க் வாங்கும்போது உறையின் நிறத்தைப் பாருங்கள். கறுப்பு 4கே, நீலம் சாதாரண புளூ-ரே, சிவப்பு எச்டி டிவிடி. இந்தச் சிவப்பு உறைகளை "எச்டி டிஸ்க்" என்று மொத்தமாக மலிவு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். புளூ-ரேயோடு போட்டியிட்ட அந்த வகையைத் தோஷிபா 2008 பிப்ரவரி 19 அன்று கைவிட்டது. இரண்டுக்கும் நீல-ஊதா லேசர்தான். ஆனால் தகவல் அடுக்கு புளூ-ரேயில் 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலும் எச்டி டிவிடியில் 0.6 மில்லிமீட்டர் ஆழத்திலும் இருப்பதால் இன்றைய பிளேயர் அதைப் படிக்காது.

டிஸ்க்கும் பிளேயரும் எந்த நாட்டுக்கானவை என்று வட்டாரம் பிரித்துப் பூட்டியிருப்பார்கள். சிங்கப்பூர் புளூ-ரேக்கு ஏ வட்டாரம், டிவிடிக்கு 3. இந்தியா புளூ-ரேக்கு சி, டிவிடிக்கு 5. பிரிட்டன், ஆஸ்திரேலியா புளூ-ரேக்கு பி. சென்னையிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவரும் புளூ-ரே உறையின் பின்பக்கத்தில் சி என்று மட்டும் இருந்தால் இங்கே வாங்கிய பிளேயரில் ஓடாது. ஏ, பி, சி மூன்றும் இருந்தால் ஓடும். 4கே டிஸ்க்குக்கு வட்டாரப் பூட்டு இல்லை, கூடவே அதே பெட்டியில் வரும் சாதாரண புளூ-ரேக்கு இருக்கலாம். "ஆல் ரீஜன்" என்று உள்ளே கைவைத்து மாற்றிய பிளேயரை வாங்கினால் தயாரிப்பாளரின் உத்தரவாதம் போய்விடும். வெளிநாட்டுச் சந்தைக்கானது என்றால் பின்பக்கச் சீட்டில் 230 வோல்ட் உண்டா என்று பாருங்கள். 100 அல்லது 120 மட்டும் போட்டிருந்தால் நம் சுவரில் நேரே செருகக் கூடாது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: பெட்டியைப் பிரித்தது ஒரு காரணமே அல்ல. சொன்னபடி இல்லாத பொருளுக்கு 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள லெமன் சட்டம் பொருந்தும். வாங்கி ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, கொடுக்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். அட்டை, மாடல் எண், திரையில் வந்த செய்தி, ரசீது நான்கையும் படம் எடுத்து, மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ நாள் குறித்துக் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் சங்கமான கேஸ், அதற்கும் மசியாவிட்டால் ஸ்மால் கிளெய்ம்ஸ் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை கோரலாம், இரண்டு ஆண்டுக்குள் இணையம் வழியாகப் பதிய வேண்டும். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டும் கட்டணம் 10 வெள்ளி. இரு தரப்பும் வழக்கறிஞரை அழைத்து வர முடியாது, கடைக்காரரே வந்து பதில் சொல்ல வேண்டும்.