வெளிமாநிலப் பார்ட்டிக்குக் கடனில் சரக்கு அனுப்புகிறவர்கள் கவனத்துக்கு: என் 6,84,600 ரூபாய் மாட்டிக்கொண்டது

இன்று காலை அந்த ஆள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். கை நடுங்குகிறது. ஆறிப்போனால் எழுத மாட்டேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

திருப்பூரில் பதினான்கு மெஷின் போட்டு பனியனும் குழந்தைகள் டி-ஷர்ட்டும் தைக்கிற சின்ன யூனிட் என்னுடையது. பார்ட்டி கொல்கத்தா பர்ரா பஜாரில் இருக்கும் ஒரு மொத்த விநியோகஸ்தர். கடைப் பெயரை வெளியில் எழுதாதே என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

முதல் இரண்டு பில்லும் லட்சத்தை ஒட்டித்தான். லாரி ஆபீஸில் சரக்கை எடுத்த நாலாம் நாளே பணம் ஏறிவிட்டது. ஜூலையில் அவரே திருப்பூர் வந்தார். வீட்டுக்கு அழைத்துப் போனேன். அம்மா தோசை வார்த்துப் போட, இன்னும் ஒன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "அண்ணா, துர்கா பூஜைக்கு முழுசா உங்க சரக்குதான்" என்று அரைத் தமிழில் சொன்னார். கிளம்பும்போது அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அதைப் பார்த்த பிறகு அட்வான்ஸ் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆகஸ்டில் இரண்டு பில். ஒன்று 3,36,000, இன்னொன்று 3,48,600. மொத்தம் 6,84,600. நூல் கடனில் எடுத்தேன், டையிங்கும் (சாயம் போடுவது) கடன்தான். சரக்கு போய்ச் சேர்ந்ததும் அக்டோபர் 25 தேதி போட்டு, முழுத் தொகைக்கும் ஒரு செக்கை கூரியரில் அனுப்பினார். அதைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கினேன்.

அக்டோபர் 24 ராத்திரி போன். "அண்ணா, பூஜை வசூல் இன்னும் கடைக்காரங்ககிட்ட நிக்குது, செக் போடாதீங்க, பத்து நாளில் நானே அனுப்பறேன்." சரி என்றேன். தீபாவளி முடியட்டும் என்றார். அப்புறம் அக்கவுண்டன்ட் ஊருக்குப் போயிருக்கிறார் என்றார். அப்புறம் மாமனாருக்கு ஆபரேஷன். ஒவ்வொரு தடவையும் அம்மாவை விசாரிப்பார், நானும் நம்புவேன். இப்படியே ஜனவரி 25 தாண்டிவிட்டது. செக்குக்கு ஆயுள் தேதியிலிருந்து மூன்று மாதம்தான். அது தாண்டிய மறுநாளிலிருந்து குரல் மாறியது. இனி அவர் என்று எழுத மனம் வரவில்லை.

போன வாரம் இரண்டு நாள் ரயிலில் போய் கொல்கத்தாவில் இறங்கினேன். கடை வாசலில் என் லேபிள் போட்ட டி-ஷர்ட் தொங்குகிறது, ஆள் விலை பேசி வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே இருந்த பையன் மண் கோப்பையில் டீ கொடுத்து, முதலாளி ஊரில் இல்லை என்றான். மூன்று நாளும் அதே டீ, அதே பதில். திரும்பி வந்ததும் ஒரு மெசேஜ்: "உங்கள் சரக்கில் சாயம் போகிறது, பணம் தர முடியாது." சரக்கு வாங்கி ஐந்து மாதத்துக்குப் பிறகு! தொங்கவிட்டு விற்கிற சரக்கில் என்ன சாயம்? கேட்டேன். பிளாக்.

வயிற்றெரிச்சல் இதோடு முடியவில்லை. அந்த 6,84,600-க்குள் 32,600 ரூபாய் ஜி.எஸ்.டி. பணம் வராமலே நான் கட்டியாயிற்று. அதைக் கிரெடிட்டாக எடுத்து, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள வசதி அவனுக்கு. 180 நாளில் எனக்குப் பணம் தராவிட்டால் அவன் அதை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஆடிட்டர் சொல்கிறார். அதையும் எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

என்னென்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

செக் தேதி வந்தால் அன்றைக்கே பாங்கில் போடுங்கள், யார் காலில் விழுந்து சொன்னாலும். பணமில்லாமல் திரும்பினால், பாங்க் தரும் மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் செக் கொடுத்தவனுக்கு நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நம் பாங்க் கிளை இருக்கிற ஊர் கோர்ட்டிலேயே கேஸ் போடலாம். கொல்கத்தா ஓட வேண்டாம். இதைத்தான் நான் கோட்டை விட்டேன்.

உத்யம் பதிவை (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) சரக்கு அனுப்புவதற்கு முன்பே எடுத்து வையுங்கள். என்னிடம் இருந்ததால், சிறு தொழில்களின் பாக்கிப் பண வழக்கை விசாரிக்கிற ஃபெசிலிடேஷன் கவுன்சிலில் மனு போட முடிகிறது. வாங்கினவன் எந்த மாநிலமானாலும் அவர்கள் விசாரிக்கலாம். எழுத்தில் என்ன போட்டுக்கொண்டாலும் 45 நாளுக்கு மேல் தவணை செல்லாது. மீறினால் ரிசர்வ் பாங்க் வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. சரக்கில் குறை என்றால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். இவன் ஐந்து மாதம் வாயே திறக்கவில்லை.

எல்.ஆர் காப்பி (லாரி ஆபீஸ் ரசீது), ஈ-வே பில் (சரக்கு கொண்டுபோக எடுக்கிற ஜி.எஸ்.டி. சீட்டு), வாட்ஸ்ஆப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். முதல் பில் பணம் ஏறாமல் அடுத்த லோடு ஏற்றாதீர்கள்.

டையிங்கார அண்ணன் வாசலில் வந்து நிற்கிறார். அவருக்கும் ஆள் சம்பளம் போட வேண்டும். 6,84,600 ரூபாய். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை, போகிறேன்.