மீத்திறன் குழந்தைக்கு எந்தக் குறிப்பு முறை: கார்னெல், மன வரைபடம், லைட்னர் அட்டை

ஒருமுறை கேட்டாலே மனதில் நிற்கும் பிள்ளையிடம் "குறிப்பெடு" என்றால், எதற்கு என்று கேட்கும். கேள்வி நியாயமானதுதான். எளிய பாடத்தை வைத்துப் பழக்கினால் எந்த முறையும் வெறும் சடங்காகிவிடும். ஆகவே முதலில் பாடத்தைத் தேடுங்கள்: ஒரு தடவை கேட்டுப் புத்தகத்தை மூடினால் பாதியாவது நழுவிப்போகும் அளவுக்குக் கனமாக இருக்கட்டும்.

1950களில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் வால்டர் பாக் வகுத்த முறையே எங்கள் முதல் தேர்வு. ஏ4 தாளில் இடப்பக்கம் 6 செ.மீ., அடியில் 5 செ.மீ. விட்டுக் கோடு போடுங்கள். பாடம் நடக்கும்போது வலப்பக்கம் மட்டும் நிரம்ப வேண்டும். அன்று மாலைக்குள் இடப்பக்கத்தில் கேள்விகள், அடியில் சொந்த வார்த்தைகளில் இரண்டு வரிச் சுருக்கம். மறுநாள் வலப்பக்கத்தை மறைத்துவிட்டு, கேள்விகளுக்கு வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும்.

சறுக்குவது பெரும்பாலும் இடப்பக்கத்தில்தான். கேள்விக்குப் பதிலாகத் தலைப்பை எழுதிவிடுவார்கள். "ஒளிச்சேர்க்கை" என்று இருந்தால் "அது தெரியுமே" என்று தாண்டிவிடலாம். "இருட்டில் வைத்த செடியின் உலர் எடை ஏன் குறைகிறது?" என்று இருந்தால் தாண்ட முடியாது.

டோனி பூசான் 1970களில் பரப்பிய மன வரைபடம் (நடுவில் தலைப்பு, அதிலிருந்து கிளைகளாகப் பிரியும் கருத்துகள்) இந்தக் குழந்தைகளுக்குப் பார்த்தவுடன் பிடிக்கும். சிக்கலும் அங்கேதான். பாடம் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாத நிலையில் எது நடு, எது கிளை என்பது ஊகம்தான். கணித நிரூபணம் போல வரிசை முக்கியமான எதுவும் இதில் அடங்காது. நேர்த்தி விரும்பும் பிள்ளை வண்ணம் தீட்டியே ஒரு மணி நேரத்தைக் கழித்துவிடும். பாடம் முடிந்த பிறகு, புத்தகத்தை மூடி, ஒரே பென்சிலால் 10 நிமிடம் வரையச் சொல்லுங்கள். ஒவ்வொரு கோட்டின்மேலும் "தடுக்கிறது", "உண்டாக்குகிறது" என்று ஒரு வினைச்சொல் வேண்டும். அப்போது அது, கருத்துகளுக்கு இடையிலான உறவைச் சொல்லால் காட்டும் ஜோசப் நோவக்கின் கருத்து வரைபடத்தை நெருங்கிவிடும் (அதுவும் கார்னெலில் பிறந்ததுதான்). கட்டுரை எழுதத் திட்டமிடுவதற்கு இதைவிட நல்ல கருவி இல்லை.

செபாஸ்டியன் லைட்னரின் அட்டை முறை (1972) சொற்கள், குறியீடுகள், ஆண்டுகள் போன்ற துண்டுச் செய்திகளுக்கு மட்டும். அட்டையின் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். மூன்று பெட்டிகள்: முதலாவதைத் தினமும், அடுத்ததை மூன்று நாளுக்கு ஒருமுறை, கடைசியை வாரம் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். பதில் சரியானால் அட்டை அடுத்த பெட்டிக்கு நகரும். தவறினால் அட்டை முதல் பெட்டிக்குத் திரும்பும். நாளுக்கு 10 புதிய அட்டைகளுக்கு மேல் போனால் சலித்துவிடும். ஓர் அட்டையில் இரண்டு செய்திகளைத் திணித்தால், பாதி தெரிந்ததையும் தெரிந்ததாகக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள்.

கார்னெலுக்கு முதலிடம் தரக் காரணம் அதன் மறைத்துப் பார்க்கும் படிதான். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் மீண்டும் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். விரைவாகப் புரிந்துகொள்ளும் குழந்தை தன்னை அந்த 5 நிமிட நிலையில் வைத்தே எடைபோடுகிறது. அறிவுரையால் இது மாறாது. ஒரே அளவுள்ள இரண்டு பகுதிகளில் ஒன்றை வெறுமனே படிக்கவும், மற்றதைக் கார்னெல் முறையில் படிக்கவும் விடுங்கள். ஏழாம் நாள் இரண்டிலும் தேர்வு வைத்து, மதிப்பெண்ணை அதன் கையிலேயே கொடுங்கள்.

சிந்தனை வேகத்துக்குக் கை ஈடுகொடுக்காத பிள்ளைகளுக்கு வெற்றுத் தாள் வேண்டாம். தலைப்புகளும் படங்களும் அச்சிட்டு, முக்கிய இடங்களைக் காலியாக விட்ட தாளைக் கொடுங்கள். இடப்பக்கக் கேள்விகளை மட்டும் அவர்களே எழுதட்டும்.