பேர் கேட்டால் சொன்னார், அதனால் நினைவு சரியாக இருக்கிறதாம்!

வயதான அம்மா அப்பாவை ஆபரேஷனுக்குச் சேர்க்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஆபரேஷனுக்கு அப்புறம் வயதானவர்களுக்குத் திடீரென்று வருகிற மனக்குழப்பத்தைப் பற்றியது, டாக்டர்கள் டெலிரியம் என்பார்கள். நாங்கள் 18,400 ரூபாய் கொடுத்துத் தெரிந்துகொண்டது.

எங்கள் ஊர் கேரளாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், ஆபீசுகளில் மலையாளம். மாசியில் அம்மா மாட்டுத் தொழுவத்தில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, வயது 77. பாலக்காடு போகிற வழியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பெயர் போட மாட்டேன், கேட்காதீர்கள். ஆபரேஷனைக் குறை சொல்லவில்லை, நன்றாகத்தான் செய்தார்கள். எல்லாக் கோளாறும் அதற்கு அப்புறம்தான்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அம்மா ஒரு மாதிரி ஆகிவிட்டார். பகலெல்லாம் கண்ணை மூடியே கிடந்தார், கூப்பிட்டால் "ம்" என்பார், வாயில் வைத்த கஞ்சியை விழுங்க மறந்துவிட்டு அப்படியே வைத்திருப்பார், ராத்திரி ஆனதும் போர்வை நுனியைப் பிடித்து இழுத்து இழுத்து "கன்னுக்குட்டியை அவிழ்த்து விடு" என்று ஒரே பேச்சு. பைஸ்டாண்டராக (நோயாளிக்குத் துணையாக) இருந்த நான் சிஸ்டரிடம் ஓடினேன். அவர் வந்து "பேரெந்தா அம்மே?" (பேரென்ன அம்மா) என்று கேட்டார், அம்மா பேரைச் சொன்னார், சிஸ்டர் "ஓர்மையுண்டல்லோ" (நினைவு இருக்கிறதே) என்று போய்விட்டார். அவ்வளவுதான் பரிசோதனை. மறுநாள் ராத்திரி அம்மா ட்ரிப்ஸைப் பிடுங்கப் பார்த்தார் என்று கையைக் கட்டிலோடு பேண்டேஜ் துணியால் கட்டிவிட்டு, தூங்குவதற்கு ஒரு மாத்திரையும் கொடுத்தார்கள்.

நான்காம் நாள் நரம்பு டாக்டர் வந்தார். கட்டிலருகே நின்றது ஐந்து நிமிடம்கூட இருக்காது. தலைக்கு ஸ்கேன், மூளை அலைப் பதிவு, அவர் வந்து பார்த்த பீஸ், எல்லாம் சேர்த்துத்தான் அந்த 18,400. கடைசியில் "மறதி நோய் தொடக்கம், வயதாகிவிட்டதே" என்று மறதி நோய்க்கான டோனெபெசில் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். விழுந்தவருக்குத் தலையில் அடிபட்டிருக்கிறதா என்று ஸ்கேன் எடுப்பது தப்பில்லை, அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. காசே இல்லாமல் செய்யக்கூடியதை யாருமே செய்யவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

வீட்டுக்கு வந்தும் அப்படியேதான் இருந்தார். இரண்டே நாளில் பொள்ளாச்சியில் முதியோர்களை நிறையப் பார்க்கிற ஒரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் முதலில் எங்களைத்தான் கேட்டார்: இது எப்போதிலிருந்து, நேரத்துக்கு நேரம் மாறுகிறதா, முன்னே எப்படி இருந்தார்? விழுகிற வரைக்கும் நாலு வீட்டுப் பால் கணக்கை மனசிலேயே வைத்திருந்தவர் என்றேன். "இந்தப் பதில் ஒன்றுக்கே நாலு மார்க்" என்றார். எடின்பரோ டாக்டர்கள் உருவாக்கிய ஃபோர் ஏ டி (4AT) என்ற டெலிரியம் சோதனையாம். விழிப்பாக இருக்கிறாரா, நாலு சின்னக் கேள்விக்குப் பதில் சொல்கிறாரா, மாதங்களைத் தலைகீழாகச் சொல்ல முடிகிறதா, திடீரென்று வந்த மாற்றமா, இவ்வளவுதான் பார்ப்பார்கள். மொத்தம் 12, நாலோ அதற்கு மேலோ வந்தால் டெலிரியமாக இருக்கலாம். இரண்டு நிமிட வேலை. அந்த நாலு கேள்வி வயது, பிறந்த தேதி, இருக்கும் இடம், நடப்பு வருடம். அதில் பேர் இல்லவே இல்லை! அம்மாவுக்குப் பிறந்த தேதி நல்ல நாளிலேயே தெரியாது, அதையும் எங்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். டிசம்பர், நவம்பர் என்று கேட்காமல் "பங்குனியிலிருந்து பின்னாடி சொல்லுங்கம்மா" என்றார். பங்குனி, மாசி என்று ஆரம்பித்தவர் அதற்கு மேல் போகாமல் ஃபேனைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார். மொத்தம் 11 வந்தது.

டெலிரியம் என்றால் நோய் பாதி, காரணம் பாதி, காரணத்தைத் தேட வேண்டும் என்றார். தேடினார். நாலைந்து நாளாக வெளிக்கே போகவில்லை. டியூபை எடுத்த பிறகு ஒன்றுக்கு ஒழுங்காகப் போகாமல் மூத்திரப்பை வீங்கிக் கிடந்தது, சொட்டுச் சொட்டாகப் போனதைப் பார்த்து நாங்களும் போகிறது என்றே நினைத்திருக்கிறோம். ரத்தத்தில் சோடியம் என்கிற உப்பு 122, இருக்க வேண்டியது 135-க்கு மேல். பிரஷர் மாத்திரையில் நீர் போக வைக்கும் மருந்தும் சேர்ந்திருந்தது, அது சோடியத்தை இறக்கக்கூடியது. தூக்க மாத்திரையும், அரிப்புக்கு என்று கொடுத்த அலர்ஜி மாத்திரையும் வயதானவர்களைக் குழப்பிவிடக் கூடியவை, அலர்ஜி மாத்திரை ஒன்றுக்கையும் அடைக்குமாம். கண்ணாடியும் காது மெஷினும் "தொலைந்துவிடும்" என்று வீட்டுக்குக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஐந்து நாளாக அம்மா பாதி குருடாக, பாதி செவிடாக, புரியாத பாஷைக்கு நடுவில் கிடந்திருக்கிறார். இதில் ஒன்றுக்கும் ஸ்கேன் வேண்டியதில்லை.

மாத்திரைகளை மாற்றி, சோடியத்தை அவசரப்படாமல் மெதுவாக ஏற்றி, ஜன்னலோரம் படுக்க வைத்து, நாங்கள் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்து, பன்னிரண்டாம் நாள் பால்காரரிடம் பாக்கி கேட்கிற அளவுக்கு வந்தார். டோனெபெசிலை நிறுத்தியாயிற்று. எல்லோரும் இப்படி முழுசாகத் திரும்பிவிட மாட்டார்களாம், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும் என்று டாக்டர் சொன்னார். எங்களுக்கு அதிர்ஷ்டம்.

சரி, உங்களுக்குச் சொல்ல வந்தது. உளறிக் கத்துகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள், பேசாமல் கிடக்கிறவரைத்தான் தவறவிடுவார்கள். "நேற்று இப்படி இல்லை" என்று வாயால் மட்டும் சொல்லாதீர்கள், கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். டெலிரியம் சோதனை செய்தீர்களா, தமிழில் செய்தீர்களா என்று நேராகக் கேளுங்கள். கண்ணாடியைக் கொடுத்து அனுப்பாதீர்கள்.

கேட்டால் கேஸ் ஃபைல் நகலை 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி இருக்கிறது. அதைச் சொல்லித்தான் வாங்கினேன். டெலிரியம் என்ற வார்த்தை எந்தப் பக்கத்திலும் இல்லை. இரண்டாம் நாள் சாயங்காலக் குறிப்பில், அம்மா கஞ்சியை விழுங்க மறந்த அதே நேரத்துக்கு நேராக, நோயாளி அமைதியாகத் தூங்குகிறார் என்று எழுதியிருக்கிறார்கள்.