மூச்சு, தசை, நோட்டு: எந்த டென்ஷனுக்கு எது?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வாளையார் என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரத் தமிழ் வீடுகளில் டென்ஷனுக்கு இரண்டு வாசல். ஒன்று, கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலை ஷிப்டோ கோயம்புத்தூர் வேலையோ. மற்றொன்று, பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, பிளஸ் ஒன்னில் ஆங்கிலப் புத்தகத்தோடும் மலையாளத்தில் விளக்கும் டீச்சரோடும் திணறும் பிள்ளை. இருவருக்கும் சொல்லப்படுவது ஒன்றேதான்: "கண்ணை மூடி மூச்சை நல்லா இழுத்து விடு." அது ஒரு வகை டென்ஷனுக்குக் கேட்கும். வேறு வகைக்கு அதையே செய்துவிட்டு, "எனக்கு எதுவுமே சரிவரல" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

படபடப்பு ஏறிய நேரத்தில்: மூச்சா, தசையா?

ஆபத்து என்று மூளை எடுத்துக்கொண்ட சில நொடிகளில் அட்ரினலின் என்ற ஹார்மோன் பாய்கிறது. நெஞ்சு அடித்துக்கொள்வது, உள்ளங்கை வேர்ப்பது, வயிறு கலக்குவது எல்லாம் அதன் வேலை. கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் பின்னால் மெதுவாக ஏறி, மெதுவாகவே இறங்கும். இதயத்துடிப்பை நேராக அதட்டி அடக்க முடியாது. மூச்சு மட்டும் தானாகவும் நடக்கும், நம் சொல்லையும் கேட்கும். மூச்சை விடும்போது துடிப்பு கொஞ்சம் தணிவதால், விடும் நேரத்தை நீட்டுவதுதான் இதில் உள்ள சூட்சுமம்.

மூக்கு வழியாக 4 எண்ணும் வரை இழுத்து, 6 எண்ணும் வரை விடுங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு, ஐந்து நிமிடம். கண்ணை மூட வேண்டியதில்லை, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே செய்யலாம். தப்பு நடக்கும் இடம் "நல்லா இழு" என்பதில். நெஞ்சு நிறைய வேகவேகமாக இழுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, உதடும் விரல் நுனியும் மரத்து, தலை சுற்றும். அதைக் கண்டு பயம் இன்னும் ஏறும். அப்படி ஆனால் மூச்சின் அளவைக் குறையுங்கள். வயிற்றில் வைத்த கை லேசாக எழுந்தால் போதும்.

இன்னொரு வகை: ஒரு மூச்சு இழுத்து, அதன் மேலேயே சின்னதாக இன்னொன்று இழுத்து, வாய் வழியாக நீளமாக விடுவது. ஸ்டான்ஃபோர்டு குழு 2023-இல் வெளியிட்ட ஆய்வில், தினம் 5 நிமிடம் வீதம் ஒரு மாதம் இதைச் செய்தவர்களின் மனநிலை, அதே நேரம் தியானத்தில் இருந்தவர்களைவிடக் கூடுதலாக மேம்பட்டது.

தசையை இறுக்கித் தளர்த்தும் முறையை அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1920-களில் வகுத்தார். பாதம், கெண்டைக்கால், தொடை, வயிறு, கை, தோள், முகம் என்று கீழிருந்து மேலே போக வேண்டும். ஒவ்வொன்றையும் 5 முதல் 7 நொடி இறுக்கி, சட்டென்று விட்டு, 20 நொடி அந்தத் தளர்வைக் கவனிக்க வேண்டும். மொத்தம் கால் மணி நேரம், படுக்க ஓர் இடம். முழு பலத்தோடு இறுக்கினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், முக்கால் பலம் போதும். இறுக்கும்போது மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும், அதனால் பி.பி. உள்ளவர்கள் கவனம். கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினால் வித்தியாசமே தெரியாது.

பரீட்சைக்கோ இன்டர்வியூவுக்கோ முந்தைய ஐந்து நிமிடத்துக்கு மூச்சுதான். எட்டு மணி நேரம் மெஷின் பக்கத்தில் நின்று, தோளும் தாடையும் கல்லாகி வீடு திரும்புகிறவருக்குத் தசை முறை. மூச்சைக் கவனித்தாலே பயம் கூடுகிற சிலர் உண்டு, அவர்களுக்கும் இதுவே நல்லது. எது எடுத்தாலும் சாதாரண நாட்களில் பழகியிருக்க வேண்டும். பரீட்சை ஹாலில் முதன்முறையாகச் செய்து பார்த்தால் பலன் சொற்பம்.

ராத்திரி பதினோரு மணிக்கு: நோட்டா, போனா?

மேலே சொன்ன இரண்டும் உடம்புக்கு. "நாளைக்கு அந்த வேலை என்னாகும்" என்று தலைக்குள் ஓடுவதை அவை நிறுத்தாது. போன் நிறுத்தும், வைக்கும் வரை மட்டும். பிறகு தூக்கமும் போயிருக்கும், கவலையும் அப்படியே இருக்கும்.

நோட்டுக்குச் செலவு பத்து ரூபாய். சாயங்காலம் ஆறரைக்கு, படுக்கையில் இல்லாமல், 15 நிமிடம் உட்கார்ந்து கவலைகளை எழுதுங்கள். கையில் உள்ளவை ஒரு பக்கம், கையில் இல்லாதவை மறுபக்கம். முதல் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் எதிரே அடுத்த ஒரே ஒரு வேலை, நேரத்தோடு: "செவ்வாய் 10 மணி, ஆபீஸில் போய் ஃபார்ம் கேட்கணும்." கவலையை மட்டும் பக்கம் பக்கமாக எழுதினால் அது கவலையை மறுபடி ஓட்டிப் பார்ப்பதுதான். படுக்கும் முன் 5 நிமிடம் நாளைய வேலைப் பட்டியல் மட்டும். அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழக ஆய்வில் (2018), செய்து முடித்ததை எழுதியவர்களைவிட, செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சீக்கிரம் தூங்கினார்கள். பட்டியல் எவ்வளவு குறிப்பாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம்.

டீயும் இந்தக் கணக்கில் வரும். காஃபீன் உடம்பில் பாதியாகக் குறைய பெரியவர்களுக்குச் சுமார் 5 மணி நேரம் ஆகும். ஆறு மணிக் கட்டன் சாயாவில் பாதி, பதினோரு மணிக்கும் உள்ளே இருக்கிறது.

சுமையே அதிகம் என்றால்

இங்கே மூச்சுப் பயிற்சி தோற்கும், தோற்கத்தான் வேண்டும். வேலை அதிகமாகவும், அதை எப்படிச் செய்வது என்ற பிடி தன் கையில் இல்லாமலும் இருக்கும் இடத்தில்தான் அழுத்தம் கூடுகிறது என்று வேலை அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979-இல் எழுதினார். சுமையைக் குறைக்க முடியாவிட்டாலும் பிடியைக் கொஞ்சம் கூட்டலாம். "முடியாது சார்" என்பதைவிட, "சார், மூணு வேலை இருக்கு, வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டுதான் முடியும், எதை முதல்ல முடிக்கட்டும்?" என்று கேட்பது எடுபடும். ஷிப்ட் மாறுகிறவர்கள் காலை, மதியம், இரவு என்ற வரிசையைக் கேட்டுப் பாருங்கள். உடம்புக் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவது எளிது, முன்னுக்கு இழுப்பது கஷ்டம்.

படிக்கிற பிள்ளைக்குச் சுமையில் பாதி, படிக்கும் முறையில் இருக்கிறது. திரும்பத் திரும்ப வாசிப்பதா, மூடி வைத்து எழுதிப் பார்ப்பதா? ரோடிகர், கார்ப்பிக் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் தாண்டிவிட்டார்கள். "வீட்டில் எல்லாம் தெரிஞ்சுது, ஹாலில் ஒண்ணும் வரல" என்ற புலம்பலின் காரணம் இதுதான். வாசிக்கும்போது வருவது பார்த்துப் பழகிய உணர்வு, அதை ஞாபகம் என்று நம்பிவிடுகிறோம். இருபது நிமிடம் வாசித்து, மூடி, வெற்றுத்தாளில் பத்து நிமிடம். விட்டுப்போனதை வேறு மையில் சேர்த்து, மூன்றாம் நாள் மறுபடி எழுதிப் பார்க்கட்டும்.

தமிழ் மீடியத்திலிருந்து போனவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: மூன்று கட்டம் போட்ட சொல் நோட்டு. விசை, ஃபோர்ஸ், பலம். மூன்றாவது டீச்சர் வாயில் வரும் மலையாளம். பாடத்துக்குப் பத்துப் பதினைந்து சொல் வந்தாலே கிளாஸில் பயம் பாதி குறையும். பிள்ளைக்குப் பாடம் புரியவில்லை என்று டியூஷனுக்குப் பணம் கட்டும் முன் இதைச் செய்து பார்க்கலாம். பல நேரம் தடங்கல் மொழியில்தான்.

பேச ஆள் வேண்டும் என்றால்

கூட்டாளியிடம் பேசினால் ஆறுதல், ஆனால் ரகசியமும் முறையான வழிகாட்டலும் அங்கே உறுதியில்லை. மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416 அக்டோபர் 2022-இல் தொடங்கியது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். கேரள அரசின் சுகாதார உதவி எண்ணான திஷா 1056.

இரண்டு வாரமாகத் தூக்கமோ பசியோ சரியில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் இந்த முறைகளுக்குள் எது நல்லது என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். இருந்தென்ன பயன் என்ற நினைப்பு வந்தால் அன்றைக்கே போன் செய்யுங்கள், வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். என்ன பேசுவது என்று தயங்க வேண்டாம்: எத்தனை நாளாக, தூக்கம் எத்தனை மணி நேரம், வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள். இந்த மூன்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டால் பேச்சைத் தொடங்க அதுவே போதும்.